பாதைக்கும் உண்டு ஹக்கு

உரிமை என்ற சொல்லைச் செவியுற்றவுடன் நம் நினைவில் மனிதர்களே வந்து நிற்கின்றனர். பெற்றோருக்கு உரிமை உண்டு; மனைவி மக்களுக்கு உண்டு; அண்டை வீட்டாருக்கும் அநாதைக்கும் உண்டு. வாயில்லாப் பிராணிக்கும் உண்டென்று ஓதியிருக்கிறோம். ஆனால் கல்லும் மண்ணுமாய்க் காலடியில் கிடக்கும் பாதைக்கு உரிமை உண்டென்றால், அதென்ன புதுமை என்று புருவம் நெரிப்பவர்கள் இருக்கக்கூடும். புதுமை அன்று. ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி அது. பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்க்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு அறிவுறுத்தியபோது, அமர்ந்து பேசிக்கொள்ள வேறிடம் இல்லையே என்று தோழர்கள் முறையிட்டனர். அவ்வாறாயின் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிட்டு அமர வேண்டும் என்பது பெருமானார் அளித்த மறுமொழியின் சாரம். அந்த ஹக்கு யாது என வினவப்பட்டபோது, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதிலுரைப்பது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என விவரித்தருளினார்கள்.

இவை நான்கும் மனிதர் ஒருவரையொருவர் முகம் பார்த்து நடமாடும் பாதையைக் கருதியவை என்பது சற்று ஊன்றி நோக்கினால் விளங்கும். ஸலாம் உரைக்கும் முறையைப் பற்றி ஓதும்போது, வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும் முந்திக்கொண்டு ஸலாம் சொல்ல வேண்டும் என்று படிக்கிறோம். உயரத்தில் இருப்பவன் தரையில் நடப்பவனுக்கு முதலில் பணிய வேண்டும் என்பது அதன் உட்கருத்து. இன்று வாகனத்தில் வருபவர் நடப்பவருக்குச் சொல்லும் ஸலாம், முதுகுக்குப் பின்னால் அலறும் ஹார்ன் ஒலிதான்.

நம் ஊர்த் தெருக்களில் நடப்பவருக்கு இடமில்லாமற் போனது பொறியாளர்கள் தீர்க்க வேண்டிய குறைபாடா? அல்லது நாம் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய அமானித மோசமா? இதையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் பேரூராட்சி மம்சாபுரம். ஒரு பக்கம் நூற்பாலைகளின் நகரம். மறுபக்கம் கோயில் நகரம். இரண்டுக்கும் பேருந்தில் சென்று திரும்பலாம். ஊருக்குள்ளோ, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம். பெருநகரங்களில் கோடி கோடியாய்ச் செலவிட்டுப் படைக்க முயலும் ஒன்றை இத்தகைய சிற்றூர்கள் பிறவிச் செல்வமாய்ப் பெற்றிருக்கின்றன. பலசரக்குக் கடை, பள்ளிக்கூடம், வழிபாட்டிடம், மருந்துக் கடை, உறவினர் வீடு எல்லாம் கால் போகும் தொலைவில். அச்செல்வத்தைத்தான் நாம் அடி அடியாய்த் தொலைத்து வருகிறோம்.

அவ்வூரிலிருந்து வந்து நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வீடு கட்டினார். தெருவுக்குப் புதிது புதிதாய்த் தார் போட்டுப் போட்டு மட்டம் உயர்ந்துவிட்டதால், பழைய வீட்டுக்குள் மழைநீர் புகுந்தது. ஆகவே தரையை நன்றாக உயர்த்திக் கட்டினார். உயர்த்தியபின் மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றச் சாய்தளம் வேண்டுமே! அது தெருவுக்குள் மூன்றடி நீளும். “தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் இருக்கிறது, ஹஸ்ரத். நான் மட்டும் கட்டினால் குற்றமா?” என்று கேட்டார். சிறிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடை சொல்லப் பெரிய கிதாபுகளையெல்லாம் புரட்ட வேண்டியிருந்தது.

ஷாபிஈ மத்ஹபைப் பயிலும் நம் மதுரஸாக்களில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீன் முக்கியப் பாடநூல். ஹிஜ்ரி 676-இல், அதாவது 1277-இல் மறைந்தவர்கள் அவர்கள். ஸுல்ஹு எனப்படும் உடன்பாட்டுப் பாடத்தில் ஊடுருவிச் செல்லும் பொதுப்பாதையைப் பற்றிப் பேசுகிறார்கள். நடப்பவருக்கு இடையூறு தரும் எதையும் அப்பாதையில் செய்தல் கூடாது. திண்ணை கட்டுதலும் கூடாது. மாடியிலிருந்து வெளியே நீட்டிக் கட்டுவது இடையூறு இல்லையேல் ஆகும். ஆனால் நிமிர்ந்து நடப்பவர் தலை குனியாமல் செல்லும் உயரத்தில் இருக்க வேண்டும். குதிரை வீரரும் வணிகக் கூட்டத்தாரும் செல்லும் வழியாயின், ஒட்டகத்தின் மேல் வைத்த மஹ்மில் என்னும் கூண்டு, அதன் நிழற்கூரையின் கழிகளோடு தடையின்றிக் கடந்து செல்லும் உயரம் வேண்டும். எத்துணை நுட்பம்! டமாஸ்கஸில் இருந்து கொண்டு, வழியே வரக்கூடிய மிக உயரமான பயணியை அளவுகோலாக்கி அந்த இமாம் சட்டம் சொல்லியிருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஊரான திருவில்லிபுத்தூரிலும் அத்தகைய அளவுகோல் ஒன்று உண்டு. ஆண்டாள் கோயிலின் பெரிய தேர் ஆடிப்பூரத்தில் உலா வரும் வீதிகளைத் தேரே அளந்து வைத்திருக்கிறது. அது வரும் வழியில் எவரும் படி நீட்டிக் கட்டத் துணிவதில்லை. ஒட்டகக் கூண்டும் தேரும் தமக்குரிய இடத்தைத் தாமே காத்துக்கொள்கின்றன. எப்போதோ வரும் பெரியதற்கு இடம் விடுகிறோம். நாள்தோறும் ஐந்தாறு முறை நடந்து போகும் முதியவளுக்கு விடுவதில்லை. அவளிடம் இடித்துத் தள்ளும் சக்கரம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

மாணவரிடம் மின்ஹாஜின் விதியைச் சொன்னோம். தெருமட்டம் உயர்ந்தது தம் குற்றமல்லவே என்றார். உண்மைதான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போட்டால் மட்டம் உயராது. 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்களே, சுரண்டிவிட்டுத்தான் சாலையைப் புதுப்பிக்க வேண்டுமென்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். வீடுகள் பள்ளத்தில் போகின்றன என்பதே அவர் காட்டிய காரணம். ஒப்பந்தக்காரர் சுரண்டாமல் விட்ட தாருக்காக வீட்டுக்காரர் படி கட்டுகிறார். அவர் கட்டிய படிக்காக நடப்பவர் நடுத்தெருவுக்குப் போகிறார். நடுத்தெருவில் லாரி வருகிறது. கடைசியில் அடிபடுபவரோ தாரும் போடவில்லை, படியும் கட்டவில்லை.

ஆயினும் ஒருவருக்கு இழைக்கப்பட்ட தீங்கு, அவர் மூன்றாமவருக்குத் தீங்கிழைக்க அனுமதிச் சீட்டாகிவிடாது. தீங்கு செய்தலும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்தலும் இல்லை என்ற கருத்துள்ள நபிமொழியின் மேல் ஃபிக்ஹுக் கலையின் பெரும்பகுதி எழுந்து நிற்கிறது. வாசலை மூன்றடி உள்ளே தள்ளிச் சாய்தளத்தை உங்கள் நிலத்திலேயே அமைத்துக்கொள்ளுங்கள் என்று கூறினோம். மூன்றடி நிலத்தின் விலையைச் சொல்லி அவர் பெருமூச்சு விட்டார். முடிவில் நம் சொல்லைப் பாதியே ஏற்றார் எனலாம். படிகளை உள்ளே இழுத்துக்கொண்டார். சாய்தளத்துக்குப் பதிலாகக் கனத்த மரப்பலகை ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். வண்டியை ஏற்றும்போதும் இறக்கும்போதும் போடுகிறார். வேலை முடிந்ததும் எடுத்துச் சுவரோரம் சாத்திவிடுகிறார். நாம் சொன்ன தீர்வைக் காட்டிலும் அது மேலானது என்றே இப்போது எண்ணுகிறோம். வந்து போவதற்கும் வந்து நிலைத்துவிடுவதற்கும் இடையேயுள்ள வேற்றுமையை அப்பலகை அழகாக விளக்குகிறது.

அந்த வேற்றுமை நம் இமாம்கள் அறிந்ததே. திண்ணை கட்டக் கூடாதென்ற அதே மின்ஹாஜ், தரிசு நிலத்தைப் பற்றிய பாடத்தில், பொதுவழியின் முதற்பயன் நடப்பதே என்று கூறிவிட்டு, நடப்பவருக்கு நெருக்கடி தராதவரை ஓய்வெடுக்கவும் வாங்கி விற்கவும் அங்கே அமரலாம் என்கிறது. அதற்கு ஆட்சியாளரின் அனுமதியும் வேண்டியதில்லை. அமர்பவர் தம் தலைக்குமேல் பாயை விரித்து நிழலும் செய்துகொள்ளலாம்! கீரைக் கட்டுகளையும் மல்லிகைச் சரத்தையும் வைத்துக்கொண்டு சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் நம் தாய்மாரை அந்த வரிகள் அப்படியே கண்முன் நிறுத்துகின்றன. நம் நாட்டில் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது 2014-இல். ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்ற பேரில் முதலில் கீரைக்காரியின் கூடையைத் தூக்கி எறிவதும், கடைக்காரர் தெருவுக்குள் இழுத்துக் கட்டிய சிமெண்ட் மேடையைக் கண்டும் காணாமல் போவதும் எந்த நீதி? மாலையானால் கூடை எழுந்து போய்விடும். மேடை பேரன் காலத்திலும் இருக்கும்.

நிறுத்தி வைத்த வாகனத்தை எவ்வகையில் சேர்ப்பது? இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் மறைந்தது 1111-இல். கார் கண்டவர்கள் அல்லர். ஆனால் இஹ்யா உலூமித்தீனில், தெருக்களில் காணப்படும் தீமைகளைப் பட்டியலிடும் பகுதியில் இதற்கு விடை இருக்கிறது. பாதை குறுகும்படி கால்நடைகளைத் தெருவில் கட்டி வைப்பது தடுக்கப்பட வேண்டிய தீமை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தேவையான பொழுதுக்கு மட்டுமே அது ஆகும். ஏறவும் இறங்கவும்! கழுதையை எடுத்துவிட்டுக் காரை வைத்துப் படித்தால் சட்டம் மாறுவதில்லை. தெருவில் தர்ப்பூசணித் தோலை எறிவது, வழுக்கும்படி நீரைக் கொட்டுவது, இடுக்குச் சந்தில் கூரைநீர்க் குழாயை நீட்டி விடுவது, இறைச்சிக் கடைக்காரர் வாசலிலேயே அறுத்து வழியை அசுத்தப்படுத்துவது, முள் விறகுச் சுமை நடப்பவர் துணியைக் கிழிப்பது என்று அப்பட்டியல் நீளுகிறது. வாசிக்க வாசிக்க, நம் கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்ற ஐயம் எழும்.

நிழலைப் பற்றி ஒரு சொல். மின்ஹாஜும் இஹ்யாவும் தெருவில் திண்ணையோடு மரத்தையும் சேர்த்தே கண்டிக்கின்றன. இதை வைத்து, வேப்பங்கன்றைப் பிடுங்கியவர் ஒருவர் நம்மிடம் ஆதாரம் காட்டினார். ஏழு முழச் சந்தில் மரம் வழியை அடைக்கும், மெய்தான். ஆனால் அச்சட்டத்தின் காரணம் நெருக்கடி. காரணம் இல்லாத இடத்தில் சட்டம் நிற்பதில்லை. அகன்ற சாலையின் ஓரத்தில் பேரூராட்சி நட்டு வளர்க்கும் புங்கமரம் நடப்பவரைத் தடுப்பதில்லை, நடக்க வைக்கிறது. சித்திரை வெயிலில் நிழலற்ற சாலையில் பத்து நிமிடம் நடந்து பார்த்தவர் இதில் நம்மோடு வாதிடமாட்டார். மக்கள் ஒதுங்கும் நிழலையும் நடக்கும் பாதையையும் அசுத்தப்படுத்துவோரைச் சாபத்துக்குரியோர் என்று ஒரே மூச்சில் எச்சரித்த நபிமொழியில், நிழலும் பாதையும் அருகருகே வைக்கப்பட்டிருப்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

ஏழு முழம் என்றோம். வழியின் அகலத்தில் பிணக்கு நேர்ந்தால் ஏழு முழமாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளிக்கப்பட்டதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கிட்டத்தட்டப் பத்தரை அடி. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17-இல், கூஃபா நகரம் அமைக்கப்பட்டபோது பெருவீதிகள் நாற்பது முழம், அடுத்தவை முப்பது, அதனினும் சிறியவை இருபது, சந்துகள் ஏழு முழம், அதற்குக் குறைந்து எதுவும் இல்லை என்று விதிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். முதலில் குறிக்கப்பட்டது மஸ்ஜிதுக்கான இடம். நடுவில் நின்ற வில்லாளி நாற்புறமும் அம்பெய்தார். அம்பு விழுந்த இடங்களுக்கு அப்பால்தான் வீடு கட்டலாம் என்று வரையறுத்தனர். இன்று இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் நடைபாதைக்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்கிறது. ஏறத்தாழ நாலு முழம். நம் தெருக்களில் முழங்கையை நீட்டினாலே மின்கம்பமோ மோட்டார் சைக்கிளோ தட்டுகிறது.

பாதையைக் காக்கும் பொறுப்பு அந்நாளில் முஹ்தஸிப் என்னும் அதிகாரியுடையது. 1058-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) தம் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் அவருடைய கடமைகளை வகுக்குமிடத்தில், பொதுவழியில் எவர் கட்டினாலும், வழி அகலமாகவே இருந்தாலும், தடுத்து இடிக்கச் செய்ய வேண்டும் என்கிறார்கள். கட்டப்பட்டது மஸ்ஜிதாயினும் சரியே. ஏனெனில் பாதை நடப்பதற்கு, கட்டுவதற்கன்று. இதை எழுதும்போது நம் கை சற்றுத் தயங்குகிறது. அடுத்த மதத்தார் தெருவில் கட்டியதைச் சுட்டிக்காட்ட நமக்கு நா நீளும். ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசலின் முன்னால் மூன்று வரிசையாய் நிற்கும் வண்டிகளையும், திருமணத்துக்காகத் தெருவை அடைத்துப் போடும் பந்தலையும், மாவர்தீ கண்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? வழிபாட்டுக்காகத்தானே என்ற சமாதானம் அவர்களிடம் எடுபடாதென்பது மட்டும் திண்ணம்.

நடக்கும் உரிமை என்பது அகலமும் நிழலும் மட்டுமா என்றால், நம் நாட்டில் இல்லை. மம்சாபுரத்துக்கு மேற்கே நீல நிறமாய் நிற்கும் மலைக்கு அப்பால் கேரளத்தில் வைக்கம் இருக்கிறது. அங்கே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாதென்று தடை இருந்தது. 1924 மார்ச் 30-இல் தொடங்கிய போராட்டம் அடுத்த ஆண்டு நவம்பர் வரை நடந்தது. பெரியார் ஈ.வெ.ரா. இருமுறை சிறை சென்றார். கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அன்று, தெருவில் நடப்பதற்காக! நூறாண்டு கடந்தபின்னும், இன்ன தெருவழியே இன்னார் செருப்பணிந்து போகலாகாது, மிதிவண்டியில் ஏறிப் போகலாகாது என்ற எழுதாச் சட்டங்கள் தென்மாவட்டச் சிற்றூர்களில் முற்றிலும் அழிந்துவிட்டன என்று சொல்ல முடியுமா? நடைபாதைக்குச் சலவைக்கல் பதித்துவிட்டு, அதில் நடக்கும் மனிதனைப் பார்த்து நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கும் ஊரில், பாதைக்கு ஹக்கு கொடுக்கப்படவில்லை. பொதுவழி என்பது வழிப்போக்கர் அனைவருக்கும் உரியது என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்லும்போது அவ்வழிப்போக்கரின் குலத்தையோ குடும்பத்தையோ விசாரிக்கவில்லை.

பெண்களின் நடையையும் இங்கே நினைக்க வேண்டும். காயல்பட்டினத்தில் முடுக்கு என்று வழங்கும் ஒடுங்கிய சந்துகள் உண்டு. வீடுகளுக்கு இடையே, பெண்கள் உற்றார் வீடுகளுக்குச் சென்று வரவென்றே முன்னோர் விட்டு வைத்த வழிகள் அவை. தம் நிலத்தில் ஒரு பகுதியைப் பெண்களின் கால்களுக்காக ஈந்தவர்கள் அந்த வணிகப் பெருமக்கள். இன்று நம் பெண்மக்கள் தனித்து நடக்க அஞ்சுகின்றனர் என்றால், விளக்கற்ற தெருவும், நடைபாதையை அடைத்து நிற்கும் இளைஞர் கூட்டமுமே பெருங்காரணம். பார்வையைத் தாழ்த்துதல் பாதையின் ஹக்குகளில் முதலாவதாகச் சொல்லப்பட்டது வெறும் தற்செயல் அன்று.

உடல்நலத்தின் பக்கம் வருவோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழகத்தில் நூற்றுக்கு 14.4 பேர். நம் விருந்துகளில் பிரியாணித் தட்டுக்கு அருகே இன்சுலின் ஊசிப் பெட்டியும் அமர்ந்திருப்பதைக் காண்கிறவர்களுக்கு இக்கணக்கு வியப்பளிக்காது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகளைத் தொடங்கியது. வரவேற்கத்தக்க பணியே. ஆனால் நடைப்பயிற்சிக்காக மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் போகும் நண்பர்களைக் காணும்போது சிரிப்பு வருகிறது. பால் வாங்கவும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடவும், ஐவேளைத் தொழுகைக்கும் நடந்தால் பயிற்சி தானே வந்து சேருமே! முன்னோர் பயிற்சிக்காக நடந்தவர்கள் அல்லர். வாழ்க்கை அவர்களை நடக்க வைத்தது.

நடந்து போகச் சொல்லும்போதே நம் நா கூசவும் செய்கிறது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர் வரை. நடந்தால் நோய் தீரும் என்று மருத்துவர் சொல்கிறார்; நடந்தால் உயிர் போகும் என்று சாலை சொல்கிறது. தடையற்ற நடைபாதை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அறிவித்ததை, நம் கிதாபுகள் சொன்ன ஹக்கு இந்நாட்டுச் சட்டமொழியில் பெயர்க்கப்பட்டதாகவே நாம் கொள்கிறோம்.

நடப்பதற்கு அண்மை வேண்டும் என்று சொன்னால், ஓதிய அன்பர்கள் சிலர் பனூ ஸலிமாவினரின் செய்தியைக் கொண்டு மறுக்கக்கூடும். மதீனாவின் ஓரத்தில் வாழ்ந்த அக்குலத்தார் நபிகள் நாயகத்தின் மஸ்ஜிதுக்கு அருகே குடிபெயர விரும்பினர். இருந்த இடத்திலேயே இருக்குமாறும், அவர்களின் காலடிச் சுவடுகள் கணக்கிடப்படுவதாகவும் பெருமானார் அறிவித்தார்கள். தொலைவு நன்மை என்றால் அண்மையை ஏன் தேட வேண்டும்? இதற்கு நம் விடை, அச்செய்தியின் மற்றொரு பகுதியிலேயே இருக்கிறது. மதீனாவின் ஓரங்கள் ஆளரவமற்றுப் போவதை அண்ணலார் விரும்பவில்லை என்று அங்கே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஊர் முழுவதும் உயிரோடிருக்க வேண்டும் என்பது ஒன்று. பனூ ஸலிமாவின் தொலைவு காலால் நடந்து கடக்கத்தக்க தொலைவு என்பது மற்றொன்று. நடக்க முடியாத தொலைவில் காலடிச் சுவடு ஏது?

இன்று மம்சாபுரம் போன்ற ஊர்களின் விளிம்பில் நிகழ்வது வேறு. வயலும் தோப்பும் கல் நட்ட மனைகளாகின்றன. பெயர்ப்பலகையில் நகர் என்றிருக்கும்; உள்ளே கடை இல்லை, பள்ளி இல்லை, ஊரோடு சேர்க்கும் நேர்வழியும் இல்லை. உள்சாலை அடுத்த மனைப்பிரிவின் முள்வேலியில் முட்டி நிற்கும். இரண்டு நிமிடத்தில் நடக்க வேண்டிய இடத்துக்கு நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு வண்டியில் போக வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக, நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைப் பொதுவெளியாக ஒப்படைக்க வேண்டுமென்பது தமிழக விதி. ஒப்படைத்த நிலம் எங்கே என்று மனை வாங்குவோர் கேட்பதுண்டா? வில்லங்கச் சான்றிதழை ஏழு முறை பார்க்கும் நாம், பிள்ளை பள்ளிக்கு எவ்வழியே நடப்பான் என்பதை ஒரு முறையும் பார்ப்பதில்லை.

அண்டை வீட்டார் என்போர் யார் என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, முன்னே நாற்பது வீடு, பின்னே நாற்பது, வலப்புறம் நாற்பது, இடப்புறம் நாற்பது என்று விடை சொன்னதாக இமாம் புகாரீயின் அல்அதபுல் முஃப்ரத் நூலில் காண்கிறோம். 1929-இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி, பள்ளிக்கூடத்தை நடுவில் வைத்து, கால் மைல் ஆரத்துக்குள், ஐந்து நிமிட நடைக்குள் எல்லாம் அடங்கும் குடியிருப்பை வகுத்தபோது நகரமைப்புலகம் அதைப் பெரும் கண்டுபிடிப்பாகக் கொண்டாடியது. நாற்பது வீட்டுக்கும் கால் மைலுக்கும் கணக்குப் பார்த்து அவருக்கு நாம் முந்தி என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அவ்வகைப் பெருமை நம் இதழ்களில் மலிந்து கிடக்கிறது. அவர்கள் கட்டிக் காட்டினார்கள், நாம் ஓதிவிட்டு மூடி வைத்தோம் என்பதே சுடுகிறது.

கட்டிக் காட்டியவர்களில் ஓர் ஊரைச் சொல்லலாம். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கில் பொந்தெவெத்ரா என்ற நகரம். மக்கள் ஏறத்தாழ 83 ஆயிரம். 2011 குடிக்கணக்கில் 75 ஆயிரத்தைத் தொட்ட திருவில்லிபுத்தூரை விடச் சற்றே பெரியது. 1999-இல் நகரத் தலைவரான மருத்துவர் லோரெஸ், நகர நடுவிலிருந்து கார்களை விலக்கினார். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், பிறகு அடங்கினார்கள். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நடந்தால் எத்தனை நிமிடம் என்று காட்டும் படமொன்றையும் அந்நகரம் அச்சிட்டது. அதற்குப் பொன் வேண்டாம், தார் வேண்டாம். காகிதமும் கடிகாரமும் போதும். நம் தமிழகத்திலும் சென்னை மாநகராட்சி 2014-இல், போக்குவரத்து நிதியில் நூற்றுக்கு அறுபது பங்கை நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவதெனக் கொள்கை வகுத்தது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடப்போர் வளாகம் திறக்கப்பட்டது. அங்கே மாலை வேளைகளில் குழந்தைகள் ஓடியாடுவதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆயினும் அது துணி வாங்க வருவோர் உலவும் தெரு. பேரூராட்சியின் பின்தெருவில், பால் பாத்திரத்தோடு நடக்கும் பாட்டிக்கு அறுபது பங்கில் ஒரு பங்காவது எப்போது வரும்?

வண்டியே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிப்பவளை இராஜபாளையத்துக்கு நடத்திச் செல்ல முடியாது. மாற்றுத் திறனாளியின் மூன்று சக்கர வண்டியும் வாகனம்தான். அதற்கும் அந்த நாலு முழம் தடையின்றி வேண்டும். அதே தெருவில் ஜனாஸாவும் வருகிறது. மையித்தைத் தோளில் சுமந்து நடந்தே கொண்டு செல்வது நம் வழக்கம். இருவர் இருவராகத் தோள் கொடுத்து, பக்கத்தில் மாற்றுத் தோள்காரரும் வர வேண்டுமாயின் குறைந்தது ஏழெட்டடி அகலம் வேண்டும். சென்ற ரஜப் மாதத்தில் நாம் கலந்துகொண்ட ஜனாஸாவொன்றில், சந்து முனையில் நின்ற கார் ஒன்றும் எதிர்வீட்டுச் சாய்தளமும் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன. சந்தூக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தார்கள். பக்கவாட்டில் சாய்க்க மனம் வரவில்லை. காரின் சாவி யாரிடம் என்று பிள்ளைகள் வீடு வீடாக ஓடினர். அவர்கள் திரும்பி வரும்வரை தோளை மாற்றி மாற்றிக்கொண்டு அவ்விடத்திலேயே நின்றிருந்தோம்.